கூடுதல் பல்: வாசகர் கேள்விகளும் பல் மருத்துவர் பதில்களும்

தாடையில் வழக்கத்துக்கு மேல் பல் இருப்பதைப் பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பால் பற்கள் 20, நிரந்தரப் பற்கள் 32 என்பதே கணக்கு. அதற்கு மேல் ஒரு பல் இருப்பவர்கள் நூற்றில் ஒருவரிலிருந்து மூவர் வரை உண்டு என்பதால், நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வியப்பதற்கில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டரை வயது. மேல் வரிசையில் வலப்பக்க நடு முன்பல் முளைத்து ஓராண்டு ஆகப்போகிறது. இடப்பக்கத்தில் பால் பல் இன்னும் விழவில்லை. ஆனால் அதற்கு அடுத்த பல் விழுந்து, புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. "இவனுடைய அப்பச்சிக்கும் தாமதமாகத்தான் முளைத்தது, பொறுத்திரு" என்கிறார் என் மாமியார். பொறுத்திருக்கலாமா, அல்லது அந்தப் பால் பல்லை மட்டும் பிடுங்கிவிட்டால் போதுமா?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இனியும் பொறுத்திருக்க வேண்டாம், பால் பல்லை மட்டும் பிடுங்கவும் வேண்டாம். முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மேல் நடு முன்பற்கள் பொதுவாக ஏழு, எட்டு வயதில் முளைக்கும். சில பிள்ளைகளுக்கு முன்பின்னாக அமைவது இயல்புதான் என்றாலும், இரண்டு பக்கமும் சேர்ந்து தாமதமாவதும் ஒரு பக்கம் மட்டும் தாமதமாவதும் ஒன்றாகா. ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதம் கழிந்த பின்னும் மறுபக்கத்துப் பல் வராவிட்டாலும், நடுப் பல்லுக்கு முன்பே பக்கத்துப் பல் முளைத்துவிட்டாலும், உள்ளே ஏதோ வழியை அடைத்திருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் மகனிடம் இந்த இரண்டு அறிகுறிகளும் இருக்கின்றன. மாமியாருடைய நினைவையும் தள்ளிவிடாதீர்கள். கூடுதல் பல் சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு என்பதால், இவனுடைய தந்தைக்குத் தாமதமானதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

இன்னொரு செய்தியை நீங்கள் எழுதவில்லை. இரண்டு, மூன்று வயதில் பையன் படியிலோ முற்றத்துக் கல்லிலோ விழுந்து முன்பல்லில் அடிபட்டதுண்டா? அப்படி அடிபட்ட பால் பல் உள்ளிருக்கும் நிரந்தரப் பல்லின் முளையைத் திருப்பிவிட்டிருந்தாலும் இதே நிலைதான் காணப்படும். அடிபடவில்லை என்றால் கூடுதல் பல்லின் மீதே முதல் ஐயம் எழும். கூடுதல் பற்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மேல் தாடையில்தான் வருகின்றன. அவற்றுள்ளும் பெரும்பான்மை நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையிலோ அவற்றின் பின்னாலோ அமைகின்றன. இந்த நடுப் பல்லை மருத்துவர்கள் மீசியோடென்ஸ் என்பார்கள். ஆண் பிள்ளைகளிடம் இது பெண் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. கரு வளரும் காலத்தில் பல் முளைகளை உண்டாக்கும் திசுப் பட்டை ஒன்று உண்டு. அது தன் வேலை முடிந்த பின்னும் ஓய்ந்துபோகாமல் இன்னொரு முளையை உண்டாக்குவதே இதற்குக் காரணம் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். கர்ப்ப காலத்தில் நீங்கள் உண்டதோ உண்ணாததோ இதற்குக் காரணம் ஆகாது.

இந்த நடுப் பற்களில் இரண்டு வகைகளை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஒன்று கூம்பு வடிவமானது, சிறியது. பெரும்பாலும் இது மற்றப் பல்லைத் தடுக்காது. முன்பற்களுக்கு இடையே சந்து விழச் செய்யும், அல்லது ஒரு பல்லைத் திருப்பிவிடும். சில வேளைகளில் தானே முளைத்து வெளியே வந்தும்விடும். மற்றொன்று பீப்பாய் வடிவில், முகட்டில் பல முனைகளோடு, அண்ணத்தின் பக்கமாக நடு முன்பல்லுக்குப் பின்னால் ஒட்டிக் கிடப்பது. இது தானாக முளைப்பது அரிது. நடு முன்பல்லை முளைக்கவிடாமல் மறிப்பது பெரும்பாலும் இதுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இந்த இரண்டாம் வகைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதை உறுதி செய்ய வேண்டியது படம்.

படம் என்றதும் பலரும் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது தேவையான படம்தான். வேறெங்கேனும் கூடுதல் பல் உண்டா என்பதை அதுவே காட்டும். ஆனால் அந்தக் கருவி தெளிவாகப் படம்பிடிக்கும் பகுதி முன்பற்கள் இருக்கும் இடத்தில் மிகக் குறுகலானது. கழுத்தெலும்பின் நிழலும் அங்கேயே வந்து விழுகிறது. ஆகவே சிறிய கூம்புப் பல் ஒன்று அதில் மங்கி மறைந்துபோவதுண்டு. "ஓ.பி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள்" என்று எழுதும் பெற்றோருக்கு நான் கூறுவது, முன்பல் பகுதிக்கென்று வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படத்தையும் எடுத்துப் பாருங்கள் என்பதே.

அந்தச் சிறிய படத்தை இரண்டு முறை, குழாயைச் சற்று நகர்த்தி எடுக்கச் சொன்னால், காசு பறிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நம் ஊர் வீட்டு வளவில் நின்றுகொண்டு, அருகிலுள்ள தூணுக்கு நேர் பின்னால் எதிர்ப்பக்கத்துத் தூண் மறையும்படி பார்த்துவிட்டு, ஓரடி வலப்பக்கம் நகருங்கள். தூரத்துத் தூண் நீங்கள் நகர்ந்த திசையிலேயே வெளிப்படும். எக்ஸ்-ரே குழாய் நகர்ந்த திசையிலேயே கூடுதல் பல்லின் நிழலும் நகர்ந்தால் அது அண்ணத்தின் பக்கம் இருக்கிறது. எதிர்த்திசையில் விலகினால் உதட்டின் பக்கம் இருக்கிறது. எந்தப் பக்கம் கீறித் திறப்பது என்பதை அறுவை செய்பவர் இதைக் கொண்டுதான் முடிவு செய்கிறார். இவ்வளவு செய்தும் இடம் தெளிவாகவில்லை என்றாலோ, அடுத்த பல்லின் வேர் அரிக்கப்படுகிறது என்ற ஐயம் இருந்தாலோ, முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கலாம். சாதாரணப் படங்களைவிட அதில் கதிர்வீச்சு அதிகம் என்பதால், எடுத்த எடுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை எழுதிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

வழியை அடைத்திருப்பது கூடுதல் பல்தான் என்று தெரிந்தால், அதையும் அந்தப் பால் பல்லையும் எடுத்துவிட்டு, நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த பற்கள் சரிந்து வந்து இடத்தைப் பிடித்திருந்தால் கிளிப் போட்டு இடம் திறக்க வேண்டியிருக்கும். தடை நீங்கி இடமும் இருந்தால், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்தப் பல் தானே இறங்கி வந்துவிடுகிறது. ஆனால் அதற்குச் சில மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். அதன் பின்னும் வராத பல்லை ஈற்றைத் திறந்து, பல்லின் மீது ஒரு சிறு கொக்கியை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொண்டுவருவார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. விழுந்த பால் பல்லுக்காக எடுத்த எக்ஸ்-ரேயில், மேல் முன்பற்களுக்கு நடுவே கூம்பான ஒரு பல் தலைகீழாக மூக்கை நோக்கிக் கிடப்பதாகத் தெரிந்தது. ஒரு மருத்துவர் உடனே எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அறுவை என்றால் மயக்க மருந்து கொடுப்பார்களா?
— வாசகி, தேவகோட்டை

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சீக்கிரம் எடுத்தால் நிரந்தரப் பற்கள் நேராக முளைக்க வாய்ப்பு அதிகம், சந்து விழாது என்பது முதல்வரின் வாதம். ஆறு வயதில் நடு முன்பற்களின் வேர் பாதி கூட வளர்ந்திருக்காது, அதன் அருகே கருவியைக் கொண்டுசென்றால் அந்த வேர் சேதப்படலாம், சிறு பிள்ளை அறுவைக்கு ஒத்துழைப்பதும் கடினம் என்பது இரண்டாமவரின் வாதம்.

உங்கள் மகளின் நிலையில் நான் இரண்டாமவர் பக்கம் சாய்வேன். தலைகீழாகக் கிடக்கும் கூம்புப் பல் பெரும்பாலும் மற்றப் பற்களின் பாதையில் இருப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்பற்கள் முளைக்கும் விதத்தைப் பாருங்கள். மருத்துவர் கேட்கும் இடைவெளியில் படம் எடுங்கள். பற்கள் இரண்டும் ஒழுங்காக வந்துவிட்டால், எட்டு முதல் பத்து வயதுக்குள் வேர்கள் வளர்ந்த பின் எடுப்பதா, அப்படியே விட்டுவைத்துக் கண்காணிப்பதா என்று நிதானமாக முடிவு செய்யலாம். ஒரு பல் முளைக்காமல் நின்றாலோ, திரும்பினாலோ, கூடுதல் பல்லைச் சுற்றி நீர்க்கட்டி தோன்றினாலோ, அது மூக்கின் அடித்தளத்தை நோக்கி ஏறத் தொடங்கினாலோ காத்திருப்பதை நிறுத்திவிட வேண்டும்.

அறுவைக்கு எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒத்துழைத்தால் மரத்துப்போகும் ஊசியே போதும். ஆழமாக இருந்தாலோ, பிள்ளை மிகவும் பயந்தாலோ முழு மயக்கம் தருவார்கள். அதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்தே திட உணவு கூடாது. "பிள்ளை பசி தாங்காது" என்று ஆயா ஒருவர் இட்லியை ஊட்டிவிட்டதால் அறுவை தள்ளிப்போவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது. வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அண்ணத்தின் ஈற்றை விலக்கி, எலும்பைச் சிறிது நீக்கிப் பல்லை எடுத்துத் தையல் போடுவார்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் கூடிப் பிறகு வடியும். முன்பற்களுக்குப் பின்னால் அண்ணம் சில வாரங்கள் மரத்தாற்போல் இருந்தால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். முதல் நாள் வாய் கொப்பளிக்க விடாதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரால் மெல்லக் கொப்பளிக்கலாம். ஆறிய இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள், குழைந்த ரசம் சோறு கொடுங்கள். தேன்குழல், முறுக்கு, சீப்புச் சீடை ஆகியவற்றின் துகள் தையலுக்குள் புகுந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு. டப்பாவை இரண்டு வாரத்துக்குப் பிள்ளையின் கண்ணில் படாமல் வையுங்கள். வலிக்கு மருத்துவர் எடைக்கேற்ப எழுதிக் கொடுத்த மருந்து போதும். கிராம்பு எண்ணெயைத் தையல் மீது தடவ வேண்டாம். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காதவர்கள் புதுக்கோட்டையில் 2023-இல் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். எங்கே சென்றாலும் பழைய படங்களைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: என் பேத்தி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. கீழ் ஈற்றில் ஒரு பல்லோடு பிறந்திருக்கிறாள். தாய்மாமனுக்கு ஆகாது, கூடுதலாக முளைத்த பல், உடனே பிடுங்கிவிடுங்கள் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?
— ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, தாய்மாமனுக்கு எந்தக் குறையும் வராது, அவரைச் சீர் கொண்டுவரச் சொல்லுங்கள். இப்படிப் பல்லோடு பிறப்பது ஏறத்தாழ இரண்டாயிரம், மூவாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்வதுதான்.

உறவினர்கள் சொல்வதில் முக்கியமான பிழை ஒன்று இருக்கிறது. பிறக்கும்போதே இருக்கும் பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை கூடுதல் பற்கள் அல்ல. ஆறாம் மாதம் வர வேண்டிய பால் பல்தான் அவசரப்பட்டு முன்பே வந்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் ஆறு, ஏழு வயதில் நிரந்தரப் பல் முளைக்கும் வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே பல் ஓரளவு உறுதியாக நின்றால், தாய்ப்பால் குடிப்பதற்கு இடைஞ்சல் இல்லை என்றால், விட்டுவிடுவதே சரி. பல்லின் கூர்மையால் நாக்கின் அடியில் புண் ஏற்பட்டால் முனையை மழுக்கிவிடலாம்.

பல் நன்றாக ஆடினால் அது தானே கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. அப்போது எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பச்சிளங்குழந்தைக்கு இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே முதல் சில நாள்கள் குறைவாக இருக்கும். அந்த ஊசி போடப்பட்டதா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் எவரும் பல்லில் கை வைக்கக் கூடாது. நூலைக் கட்டி இழுக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 23 வயது. மேல் வரிசையில் இடப்பக்கத்தில் பக்க முன்பல் இரண்டு, ஒன்றுபோலவே, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. தையில் திருமணம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைச் சீவி கேப் போட்டுவிடலாம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம், குறைந்தது தைக்கு முன் வேண்டாம். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்போது எது கூடுதல் என்று ஆராய்வதால் பயனில்லை; எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. வலப்பக்கத்துப் பல்லின் அகலத்தோடு எது ஒத்துப்போகிறது, எதன் வேர் நீளமாகவும் நேராகவும் இருக்கிறது, எது வரிசைக்கு அருகில் நிற்கிறது என்று பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டு, கிளிப் போட்டு வரிசையைச் சேர்ப்பதே முறையான வழி. அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். புகைப்படத்துக்காக நல்ல பல்லைச் சீவினால், சீவிய பல் திரும்ப வளராது. கேப்பையும் வாழ்நாளில் சில முறை மாற்ற நேரும். திருமணம் முடிந்த பின் தொடங்குங்கள். கிளிப் வெளியே தெரியாமல் ஒளிபுகும் தகடாகவும் கிடைக்கிறது. தெற்றுப்பல் அழகு என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டால், சுத்தம் செய்ய வசதியாக இருக்கும் வரை இரண்டையும் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகனுக்கு ஞானப்பல்லுக்குப் பின்னால் நான்காவதாகச் சிறிய கடைவாய்ப் பல் ஒன்று எலும்புக்குள் இருப்பதாகப் படத்தில் தெரிந்ததாம். வலி எதுவும் இல்லை. எடுக்க வேண்டுமா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: வலி, வீக்கம், சீழ் இல்லாமல், அடுத்த பல்லின் வேரும் அரிக்கப்படாமல் இருந்தால் எடுக்க வேண்டாம். மேல் தாடையில் அது சைனஸ் அறைக்கு அருகிலும், கீழ் தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்புக்கு அருகிலும் இருக்கும். சும்மா இருப்பதை எடுக்கப் போய் உதட்டை மரத்துப்போகச் செய்வது கெட்டிக்காரத்தனம் ஆகாது. முளைக்காத பல்லின் முகட்டைச் சுற்றிப் படத்தில் தெரியும் கருவளையம் பொதுவாக இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது அகன்றுகொண்டே போய் ஐந்தை எட்டினால் நீர்க்கட்டி என்று ஐயப்பட வேண்டும். ஓராண்டு கழித்து ஒரு படம், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு படம் என்று பார்த்துவந்தால் போதும்.

கேள்வி: 2019-இல் சென்னையில் ஒரு சிறுவனின் தாடையிலிருந்து 526 பற்களை எடுத்ததாகச் செய்தி வந்ததே, அது மெய்யா? என் மகனின் ஒரு கூடுதல் பல்லும் அப்படிப் பெருகுமா?
— வாசகி, புதுவயல்

பதில்: மெய்தான். சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவனுக்கு நடந்த அறுவை அது. ஒடோன்டோம் எனப்படும் தீங்கற்ற கட்டி ஒன்று, பைபோல் வளர்ந்து, தனக்குள்ளேயே சிறுசிறு பற்களைத் திரட்டி வைத்திருந்தது. உங்கள் மகனுக்கு இருப்பது தனிப் பல். அது ஒருபோதும் அப்படிப் பெருகாது.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 15 வயதாகியும் பால் பற்கள் பல விழவில்லை. ஓ.பி.ஜி.யில் இரு தாடைகளிலும் சேர்த்து ஒன்பது கூடுதல் பற்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பையன் உயரம் குறைவு. விளையாட்டாக இரண்டு தோள்களையும் நெஞ்சுக்கு முன்னால் ஒட்டிக் காட்டுவான். எல்லாப் பல்லையும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா?
— வாசகர், கண்டனூர்

பதில்: ஒன்றிரண்டு கூடுதல் பல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உடலில் வேறு குறை இராது. ஐந்துக்கு மேல் இருந்தால் பல்லை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. தோள்களை முன்னால் ஒட்ட முடிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், கழுத்தடிக்கும் தோளுக்கும் இடையிலுள்ள காரை எலும்பு சரியாக வளராத கிளைடோகிரேனியல் டிஸ்பிளாசியா என்ற பிறவி நிலையாக இது இருக்கலாம். ரன்எக்ஸ்2 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றம் இதற்குக் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. முதலில் நெஞ்சு எக்ஸ்-ரேயும் மரபணு மருத்துவரின் ஆலோசனையும் தேவை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுப்பது இங்கே பயன் தராது. இவர்களுக்குக் கூடுதல் பல்லை நீக்கிய பின்னும் நிரந்தரப் பற்கள் தானே இறங்கி வருவது குறைவு என்பதால், எந்தப் பல்லை எப்போது எடுப்பது, எதை எப்போது சங்கிலியிட்டு இழுப்பது என்று அறுவை மருத்துவரும் கிளிப் போடும் மருத்துவரும் சேர்ந்து திட்டம் வகுத்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும். அது பல ஆண்டு வேலை.

ஒருவேளை காரை எலும்பு இயல்பாகவே இருந்து, தாடையிலோ நெற்றியிலோ கெட்டியான எலும்பு முடிச்சுகள் தென்பட்டால், அல்லது குடும்பத்தில் யாருக்கேனும் இளம் வயதிலேயே பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், அதைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கார்ட்னர் சின்ட்ரோம் என்ற நிலையில் கூடுதல் பற்களோடு குடலில் பாலிப்புகள் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் நூற்றுக்கணக்கில் தோன்றும்; சிகிச்சை இல்லாவிட்டால் அவை புற்றாக மாறுவது ஏறத்தாழ உறுதி. குடல் வெளிப்படையாகத் தொல்லை கொடுப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே தாடை எக்ஸ்-ரேயில் இந்த அடையாளங்கள் தெரிந்துவிடக்கூடும். அப்படி ஓர் ஐயம் எழுந்தால் பற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரைப்பை குடல் மருத்துவரிடம் காட்டி பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.